பழங்காசுகளுக்கு ஏற்ற பெட்டகம் எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தையார் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாகப் பணியாற்றியவர். நீரிணைக் குடியேற்றக் காலத்து வெள்ளி டாலர்கள், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த சதுரச் செப்புக் காசுகள், பாட்டி கொடுத்துச் சென்ற சில சவரன்கள், ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய வாழைமர நோட்டுகள், 1967ஆம் ஆண்டு முதல் வந்த மலேசிய நாணயங்கள் என்று அவர் சேர்த்தவை அனைத்தும் இப்போது என்னிடம் உள்ளன. சிலவற்றைப் பிஸ்கட் டின்னிலும் சிலவற்றைப் பிளாஸ்டிக் ஆல்பத்திலும் போட்டு, இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கோலாலம்பூரில் இருப்பதால் சில வேளைகளில் வாரக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தாமானில் அண்மையில் ஒரு வீட்டின் ஓட்டைப் பிரித்துத் திருடர்கள் இறங்கியதிலிருந்து மனம் அமைதியாக இல்லை. ஈப்போவில் ஒரு கடைக்காரர், தீயைத் தாங்கும் பெட்டகம் என்று, இருவர் எளிதாகத் தூக்கக்கூடிய ஒன்றைக் காட்டினார். அதை வாங்கலாமா? எங்கே வைப்பது? வங்கிப் பெட்டகமே மேலா?
– ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: அம்மா, அந்தப் பெட்டகத்தை வாங்க வேண்டாம். அது தரக்குறைவானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது காகிதத்துக்காகச் செய்யப்பட்டது, உங்களிடம் இருப்பதோ பெரும்பாலும் உலோகம் என்பதற்காகவே சொல்கிறேன்.

தீயைத் தாங்கும் பெட்டகத்துக்குத் தரச் சான்று எப்படி வழங்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். அமெரிக்காவின் யு.எல். என்ற தரச் சோதனை நிறுவனத்தின் பரவலாக அறியப்பட்ட சோதனையில் பெட்டகத்தை உலையில் வைத்துச் சூடேற்றுவார்கள். ஒரு மணி நேரச் சான்று என்றால், அந்த ஒரு மணி நேர முடிவில் உலையின் வெப்பம் ஏறக்குறைய 927 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கும். அப்போதும் பெட்டகத்தின் உட்புறம் 177 டிகிரியைத் தாண்டக் கூடாது. காகிதம் கருகாமல் இருப்பதற்கான எல்லையாகவே அந்த 177 டிகிரி வகுக்கப்பட்டது. வெள்ளி உருகுவதற்கு 962 டிகிரியும், தங்கத்துக்கு 1,064 டிகிரியும், செம்புக்கு 1,085 டிகிரியும் தேவைப்படுவதால், உங்கள் தந்தையாரின் காசுகளுக்கு 177 டிகிரி ஒரு பொருட்டே அன்று. ஆனால் காசுகளைப் போட்டு வைக்கும் அக்ரிலிக், பாலிஸ்டைரின் கூடுகள் 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். எனவே அந்தச் சான்று, தீயில் எளிதில் அழியாத காசுக்குத் தேவையற்றதாகவும், எளிதில் இளகிக் காசின் மேல் ஒட்டிக்கொள்ளக்கூடிய கூட்டுக்குப் போதாததாகவும் இருக்கிறது. வாழைமர நோட்டுகளுக்கும், வீட்டு மனைப் பத்திரத்துக்கும், பிறப்புச் சான்றிதழ்களுக்கும் அது உண்மையிலேயே பயன்படும். அவற்றுக்காகச் சிறிய தீத்தடுப்புப் பெட்டி ஒன்றைத் தனியே வாங்கி வைத்துக்கொள்வதை நான் வரவேற்கிறேன்.

இன்னொரு செய்தியைக் கடைகளில் பெரும்பாலும் சொல்வதில்லை. தீத்தடுப்புப் பெட்டகத்தின் சுவர், இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு நடுவே ஜிப்சமோ சிமெண்டுக் கலவையோ நிரப்பப்பட்டது. அந்தக் கலவைக்குள் கட்டுண்டிருக்கும் நீர், தீயின்போது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பெட்டகம் தீயைத் தாங்குவதன் அடிப்படையே அதுதான். ஆயினும் தீப்பிடிக்காத நாள்களிலும் அந்த நீரில் ஒரு பகுதி மெல்ல உட்புறத்தில் கசிந்து, மூடிய பெட்டகத்தின் காற்றை ஈரமாக வைத்திருக்கும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்த நம் நாட்டில், பழங்காசுகளை இப்படிப்பட்ட பெட்டிக்குள் பூட்டி ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பவர்கள், திருடன் தொடாத செப்புக் காசுகளைப் பச்சை படிந்த நிலையில் காண்கிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்: காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு செய்யும் செலவே காசின் மேனியைக் கெடுத்துவிடுகிறது.

திருட்டுக்கு எதிரான சான்று முற்றிலும் வேறானது. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. ஐரோப்பியத் தரத்தில் இ.என். 1143-1 என்பது முறையான பெட்டகங்களுக்குரியது. பூஜ்யத்தில் தொடங்கி மேலே செல்லும் அதன் படிநிலைகளில் எண் கூடக் கூட வலிமை கூடும். இ.என். 14450 என்பது அதைவிட எளிய பாதுகாப்புப் பெட்டிகளுக்கானது. அதில் எஸ்1, எஸ்2 என்று இரு நிலைகள் உண்டு. அமெரிக்கத் தரத்தில் ஆர்.எஸ்.சி. எனப்படும் வீட்டுப் பெட்டக வகையின் அடிப்படை நிலை, சுத்தியல், கடப்பாரை போன்ற சாதாரணக் கருவிகளோடு ஒருவர் தாக்கினால் 5 நிமிடம் தாங்க வேண்டும் என்பதே, டி.எல்.-15 வகையோ, துளைக்கும் கருவியும் வெட்டும் கருவியும் கொண்டு தேர்ந்தவர்கள் தாக்கும்போதும் 15 நிமிடம் தாங்க வேண்டும். ஐந்து நிமிடம் குறைவாகத் தோன்றலாம். அக்கம் பக்கத்தில் ஆள் இருக்கும் தாமான் வீட்டில் ஓசை எழுப்பியபடி ஐந்து நிமிடம் போராடத் திருடன் தயங்குவான். ஆனால் நீங்கள் வாரக்கணக்கில் இல்லாத வீட்டில் அவனுக்கு அவசரமே இல்லை. அதனால் உங்கள் நிலைமைக்கு, இ.என். 1143-1 தரத்தில் எண் 1 நிலைக்குக் குறையாத பெட்டகத்தையே பரிந்துரைக்கிறேன். பிரிட்டனின் காப்புறுதி நிறுவனங்கள் எண் 1 நிலைப் பெட்டகத்தை 10,000 பவுண்டு ரொக்கத்துக்கும், அதன் பத்து மடங்கு மதிப்புள்ள நகை முதலானவற்றுக்கும் போதுமானதாகக் கருதும் வழக்கம் உண்டு என்பதிலிருந்து அதன் வலிமையை மதிப்பிட்டுக்கொள்ளலாம். கதவின் உட்புறத்தில் சோதனை செய்த அமைப்பின் பெயரும் தர எண்ணும் பொறித்த தகடு இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ‘தடித்த எஃகு’, ‘வங்கித் தரம்’ என்ற வாய்ச்சொற்களுக்கு மதிப்பளிக்க வேண்டாம்.

இருவர் எளிதாகத் தூக்கக்கூடியது என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரருக்கு வசதியான அந்தத் தன்மை திருடனுக்கும் வசதியானதே. பெட்டகத்தை வீட்டில் வைத்துத் திறக்க அவன் முயல வேண்டியதே இல்லை; காரில் ஏற்றிக்கொண்டு போய், ஆளில்லாத இடத்தில் கிரைண்டர் வைத்து நிதானமாக அறுப்பான். இ.என். 1143-1 தரமே, 1,000 கிலோவுக்குக் குறைந்த பெட்டகங்களைத் தரையோடு பிணைப்பதற்கான துளை இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. அவ்வாறிருக்க, 50 கிலோ பெட்டியைப் பிணைக்காமல் வைப்பதில் பொருளில்லை. 150 கிலோவுக்குக் குறையாத ஒன்றை வாங்கி, கான்கிரீட்டுக்குள் விரிந்து பிடிக்கும் 12 மில்லிமீட்டர் போல்ட்டுகளால் தரையோடு இறுக்கச் சொல்லுங்கள். போல்ட்டு பிடிக்க வேண்டியது கான்கிரீட்டை; மேலே ஒட்டியிருக்கும் தரை ஓடுகளையும் அதன் அடியிலுள்ள பூச்சையும் மட்டும் பிடித்திருந்தால், ஒரு நெம்பில் கையோடு வந்துவிடும். அதே வேளையில், தாமான் வீடுகளின் தரைக் கான்கிரீட் பெரும்பாலும் நான்கு அங்குல அளவே இருக்கும் என்பதால், அதைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள ஈரத்தடுப்புத் தாளைக் கிழித்துவிடாதபடி துளையின் ஆழத்தை அளந்து செய்ய வேண்டும். தாள் கிழிந்தால் தரையின் ஈரம் நேரே பெட்டகத்தின் அடிக்கு ஏறும்.

இடத்தைப் பொறுத்தவரை, கூடத்திலிருந்து பார்வைக்குத் தெரியாத உள்ளறையின் மூலையே நல்லது. கதவு திறக்கும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு இருபுறமும் சுவர் நெருங்கியிருந்தால், கடப்பாரையைச் செருகி நெம்ப இடம் கிடைக்காது. குளியலறைச் சுவரை ஒட்டியும் சமையலறையிலும் வைக்க வேண்டாம். நம்மவர் பலர் பூசையறையில் வைக்க விரும்புகிறார்கள்; நாள்தோறும் சூடமும் சாம்பிராணியும் புகையும் அறை காசுகளுக்கு உகந்ததன்று. குளிரூட்டி ஓடும் படுக்கையறையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. இரவு முழுவதும் 20 டிகிரிக் குளிரில் இருந்த தடித்த எஃகு, குளிரூட்டியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். காலையில் சன்னலைத் திறந்துவிட்டுப் பெட்டகத்தையும் திறந்தால், வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த எஃகின் மேலும் காசுகளின் மேலும் நீர்த்துளியாகப் படியும். ஆகவே குளிரூட்டி இல்லாத அறையே மேல். உங்கள் பகுதியில் வெள்ளம் ஏறும் வழக்கம் இருந்தால், தரையோடு கம்பி கோத்துக் கட்டிய கான்கிரீட் மேடையின் மேல் பெட்டகத்தை ஏற்றுங்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிட முடியாது.

பூட்டு விஷயத்தில் பெரிதாகக் குழம்ப வேண்டியதில்லை. தரச் சான்று பெற்ற எண் பூட்டோ சுழல் பூட்டோ எதுவாயினும் நன்றே. மலிவான மின்னணுப் பெட்டிகளில் சில, மேலே ஓங்கி ஓர் அடி அடித்தால் உள்ளே உள்ள தாழ்முள் துள்ளித் திறந்துகொள்பவை என்பதை மட்டும் நினைவில் வைத்து, விலை கண்டு மயங்காமல் இருங்கள். தொழிற்சாலையில் போட்டுத் தரும் எண்ணை அன்றே மாற்றிவிடுங்கள். அவசரச் சாவி இருந்தால் அது அந்த வீட்டுக்குள் இருக்கவே கூடாது. கோலாலம்பூரில் உள்ள பிள்ளைகளில் ஒருவரிடம் இருக்கட்டும். வாங்கும்போது வெளியளவைப் பார்க்காமல் உள்ளளவைக் கேளுங்கள். சுவரின் தடிப்பு இடத்தைத் தின்றுவிடுவதால், வெளியே பெரியதாகத் தெரியும் பெட்டகத்துக்குள் ஆல்பம் ஒன்று நுழையாமல் போவதுண்டு.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். எந்தப் பெட்டகத்தை வாங்கினாலும் அதற்குள் காற்று முற்றிலும் உலர்ந்திருக்காது. கதவின் இடுக்கிலும் போல்ட்டுத் துளையிலும் ஈரம் புகும். அதனால் பெட்டகம் முழுவதையும் உலர்த்தப் பாடுபடுவதை விட்டு, காசுகளைக் காற்றுப் புகாத மூடியுள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாக்களில் வைத்து, அந்த டப்பாக்களுக்குள் மட்டும் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற வழி. ஒவ்வொரு டப்பாவிலும் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றையும், சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் வையுங்கள். ஈரப்பதம் 40 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நிம்மதி. 50ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்ற வேண்டும் என்று பொருள். நனைந்த ஜெல்லை எறிய வேண்டியதில்லை. மணிகளை ஒரு தட்டில் பரப்பி, ஏறக்குறைய 120 டிகிரி வெப்பமுள்ள அடுப்புப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். நீல நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால், ஆரஞ்சு நிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பிளாஸ்டிக் ஆல்பத்தை இன்றே சோதியுங்கள். அதன் தாள்கள் மென்மையாகவும் வளைவாகவும், புதிய மழைச்சட்டையின் வாடையோடும் இருந்தால் அது பி.வி.சி.யாக இருக்கலாம். பி.வி.சி. நாளடைவில் சிதைந்து வெளிவிடும் அமிலம், காசின் மேல் பசை போன்ற பச்சைப் படலத்தை உண்டாக்கிச் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். பூட்டிய பெட்டகத்தின் வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறைகளுக்கு மாற்றிவிடுங்கள். காசுகளை ரப்பர் வளையத்தால் கட்டி வைக்கும் பழக்கம் நம் தோட்டப்புறங்களில் மிகுதி. ரப்பரை இறுகச் செய்யக் கந்தகம் சேர்க்கிறார்கள். அந்தக் கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்கச் செய்கிறது. கம்பளித் துணி, சாதாரண அட்டைப் பெட்டி, மரப்பேழை ஆகியவையும் வெவ்வேறு அளவில் தீங்கு செய்பவையே. துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையைப் பெட்டகத்துக்குள் போட வேண்டாம். அதன் ஆவி பாலிஸ்டைரின் கூடுகளை இளகச் செய்யும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வங்கிப் பெட்டகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சவரன்களையும், மதிப்பு மிகுந்த ஒருசில வெள்ளி டாலர்களையும் அங்கே வைத்துவிட்டு, அடிக்கடி எடுத்துப் பார்த்து மகிழ விரும்புபவற்றை மட்டும் வீட்டில் வைப்பதே என் கருத்து. வங்கிப் பெட்டகத்தில் வைத்த பொருளுக்கு வைப்புத்தொகைக் காப்புறுதி கிடையாது; பி.ஐ.டி.எம். எனப்படும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் தரும் 250,000 ரிங்கிட் வரையிலான பாதுகாப்பு வைப்புத்தொகைக்கு உரியது, பெட்டகத்துப் பொருளுக்கு உரியதன்று. வீட்டுப் பொருள் காப்புறுதியும் தானாகவே காசுகளைக் காக்காது. நாணயம், பதக்கம், அஞ்சல்தலை போன்றவற்றைத் தனியே குறிப்பிட்டுச் சேர்த்தால்தான் இழப்பீடு உண்டு என்பதும், வீடு நெடுநாள் ஆளின்றிக் கிடந்தால் திருட்டுக்கான காப்பு நின்றுவிடும் என்பதும் இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாகக் காணப்படும் விதிகள். முகவரிடம் பேசி, இரண்டையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அதற்கு முன் பட்டியல் ஒன்று வேண்டும். ஒவ்வொரு காசின் இருபுறத்தையும் படமெடுத்து, எடையைக் கிராமில் இரண்டு தசமம் வரை குறித்து வையுங்கள். 1903, 1904ஆம் ஆண்டுகளின் நீரிணைக் குடியேற்ற டாலர் 26.95 கிராமை ஒட்டியும், சவரன் 7.99 கிராமை ஒட்டியும் இருக்க வேண்டும். எடை வெகுவாகக் குறைந்தால் ஐயப்படுங்கள், ஏனெனில் அந்த டாலர்களுக்குப் போலிகள் மிகுதி. போலிக்குப் பெட்டகமும் காப்புறுதியும் வாங்குவது வீண் செலவு. பட்டியலின் படி ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெட்டகம் வந்து இறங்கும் நாளில், அது எதற்காக என்று கேட்பவர்களிடம் வீட்டுப் பத்திரங்களுக்காக என்று சொன்னால் போதும்.

கேள்வி: நாங்கள் இன்னும் தோட்டத்துப் பழைய பலகை வீட்டில்தான் வாழ்கிறோம். முன்பகுதி தூணின் மேல் நிற்கும் மரத்தரை. பின்னால் சமையற்கட்டு மட்டும் சிமெண்டுத் தரை. எங்களைப் போன்றவர்கள் பெட்டகத்தை எங்கே பதிப்பது?
– வாசகர், லூனாஸ், கெடா

பதில்: மரத்தரையில் பதிக்க வேண்டாம், ஐயா. பலகையைப் பிடித்த போல்ட்டைப் பலகையோடு பெயர்த்துவிடலாம். அத்துடன் கனமான பெட்டகத்தை நெடுங்காலம் தாங்குவதற்கு அந்தத் தரை அமைக்கப்படவில்லை. சமையற்கட்டில் பதித்தால் உறுதி கிடைக்கும், ஆனால் ஈரமும் எண்ணெய்ப் புகையும் உள்ள இடம் அது. விலைமதிப்புள்ள காசுகளை அருகிலுள்ள பட்டணத்தின் வங்கிப் பெட்டகத்திலோ, நம்பிக்கையான உறவினரின் கல்வீட்டில் பதித்த பெட்டகத்திலோ வையுங்கள் என்பதே என் நேர்மையான பதில். புழக்கத்தில் தேய்ந்த சாதாரணக் காசுகளை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வீட்டில் வைத்திருக்கலாம். பலகை வீட்டில் தீயச்சம் கூடுதல் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: தீ அணைந்த பிறகு, பெட்டகம் முழுவதும் ஆறும் வரை, குறைந்தது ஒரு நாளேனும் அதைத் திறக்கக் கூடாது. உள்ளே வெப்பமேறிக் கிடக்கும் காகிதம், கதவைத் திறந்ததும் புகும் காற்றால் குப்பென்று பற்றிக்கொள்ளும். தப்பிய நோட்டும் பத்திரமும் கண்முன்னே எரிந்துபோகும்.

கேள்வி: பெட்டகத்தில் வைப்பதற்கு முன் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தால் நீண்ட நாள் கெடாமல் இருக்கும் என்கிறார்களே, சரியா?
– வாசகி, பீடோர், பேராக்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். குத்துவிளக்குக்கும் பித்தளைச் செம்புக்கும் புளி நல்லது; பழங்காசுக்கு அது தீராத கேடு. புளியின் அமிலம், காலம் படியவிட்ட மெல்லிய மேற்படலத்தைக் கரைத்துவிடும். தேய்ப்பதால் விழும் கீறலை எந்த வல்லுநரும் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். அப்படித் தேய்த்த காசின் விலை, சேகரிப்பாளர்களிடம் பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். பளபளப்பாக வெளிப்பட்ட புதிய மேனி முன்னிலும் விரைவாகக் கறுக்கும் என்பதால், நீண்ட நாள் கெடாது என்ற நம்பிக்கையும் பொருந்தாது. பழைய ஆல்பத்தின் பச்சைப் பசை ஒட்டியிருந்தால் மட்டும், கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசைச் சில நிமிடம் ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி எடுத்துத் தானாகவே உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்கள் கலந்திருப்பதால் அது உதவாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றுவதால், இந்த வேலையை அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான வெளித்திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். காசை எப்போதும் விளிம்பில் பிடித்தே எடுங்கள். விரல்ரேகையின் வியர்வை செம்பில் படிந்தால் அதை அகற்ற இயலாது.